மலாய்ப் பிள்ளைகளும் டிஸ்லெக்சியாவும்: எழுதியபடியே படிக்கிற மொழியில் ஏன் படிக்க வரவில்லை?

வாசகர் கேள்வி, 12 மே 2024

மலாய் மொழி படிக்க எளிது. ரோமன் எழுத்து, எழுதியதை அப்படியே வாசித்தால் முடிந்தது. ஆங்கிலத்தில் டிஸ்லெக்சியா என்றால் புரிகிறது, அங்கே எழுத்து ஒன்று, ஒலி வேறு. மலாய் பேசும் பிள்ளைக்கு மலாய் படிக்க வரவில்லை என்றால் அது பயிற்சிக் குறைவு, இல்லாவிட்டால் கைப்பேசி. பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பத்தில் எட்டு வயதுப் பையன். டிஸ்லெக்சியாவாக இருக்கலாம், பரிசோதித்துப் பாருங்கள் என்று பள்ளியில் சொல்லியிருக்கிறார்களாம். அம்மா அழுகிறார். இது தேவைதானா? ஆசிரியர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

12 மே, இரவு

தேவைதான். நான் மலேசியாவின் கெடா மாநிலத்தில் ஒரு தேசியப் பள்ளியில் பெமுலிஹான் வகுப்பு எடுக்கிறேன். படிக்கவும் எழுதவும் கணக்குப் போடவும் தடுமாறுகிற பிள்ளைகளுக்கான குறைநீக்கல் வகுப்பு அது. என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் மலாய்ப் பிள்ளைகள். வீட்டிலும் மலாய், பள்ளியிலும் மலாய், பார்க்கிற கார்ட்டூனும் மலாய். பேச்சில் என்னையே மடக்கிவிடுவார்கள். புத்தகத்தைத் திறந்ததும் குரல் இறங்கிவிடும்.

பேச்சொலியைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் அதற்குரிய எழுத்தோடு சட்டென்று சேர்க்கிற வேலை சிலருடைய மூளைக்குக் கடினம். பிறவியிலேயே வருவது, குடும்பத்தில் தொடர்வது. இதுதான் டிஸ்லெக்சியா. அறிவுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. ஆங்கில எழுத்துக்கூட்டலின் குழப்பம் இதை உண்டாக்குவதில்லை, இருப்பதை வெளியே காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். 2001-இல் வெளியான ஓர் ஆய்வில் இத்தாலி, பிரான்ஸ், இங்கிலாந்து மூன்று நாடுகளிலும் டிஸ்லெக்சியா உள்ளவர்களைப் படிக்கச் சொல்லி மூளைப் படம் எடுத்தார்கள். மூன்று நாட்டவருக்கும் மூளையின் இடப்பக்கத்தில் ஒரே பகுதி மந்தமாக வேலை செய்தது. ஆனாலும் படிப்பதில் இத்தாலியர்கள் மற்ற இரு நாட்டவரைவிட நன்றாகச் செய்தார்கள். காரணம் இத்தாலிய எழுத்து ஒழுங்கானது. மலாயும் அந்தக் கட்சிதான்.

எழுத்து ஒழுங்காக இருப்பதால் பிழை குறைகிறது, சரி. பிழை குறைவதால் அந்தப் பிள்ளை யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறான். எனக்குப் பெரிய கவலை அதுதான்.

13 மே

"பிழையில்லாமல் படித்தால் அப்புறம் என்ன பிரச்சினை?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நேரம்தான் பிரச்சினை.

மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவன். "இபு மெம்பெலி ஈக்கான் டி பாசார்" (அம்மா சந்தையில் மீன் வாங்குகிறார்) என்ற வரியைக் கொடுத்தேன். ஒவ்வொரு அசையாக வாய்க்குள் கூட்டி, நிறுத்தி, அடுத்ததற்குப் போய், கடைசிவரை வந்துவிட்டான். ஒரு பிழை இல்லை. யார் மீன் வாங்கியது என்று கேட்டேன். வரியின் தொடக்கத்துக்குத் திரும்பிப் போய் மறுபடியும் எழுத்துக்கூட்டத் தொடங்கினான். 'பாசார்' வந்து சேர்வதற்குள் 'இபு' அவன் நினைவிலிருந்து போய்விட்டது. இதே வரியை நான் வாயால் சொல்லியிருந்தால் அம்மா என்ன மீன் வாங்கினார், எவ்வளவுக்கு வாங்கினார் என்று அவனே கதை கட்டியிருப்பான்.

ஜெர்மன் பிள்ளைகளிடம் 1990-களிலேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். எழுத்தும் ஒலியும் ஒத்துப்போகிற மொழிகளில் டிஸ்லெக்சியா பெரும்பாலும் பிழையாகத் தெரியாது, மெதுவாகத் தெரியும். வகுப்பில் நாற்பது பேர் இருக்கும்போது, மெதுவாகப் படிக்கிற ஆனால் சரியாகப் படிக்கிற பிள்ளையை எந்த ஆசிரியர் சந்தேகப்படுவார்? 'கூச்ச சுபாவம்' என்று குறிப்பு எழுதிவிட்டு அடுத்த பையனுக்குப் போய்விடுவார்.

13 மே, இன்னொன்று

நான் எப்போதும் கவனிக்கிற ஒரு சின்ன அடையாளம். மலாயில் பன்மைக்குச் சொல்லை இரட்டித்து நடுவில் சிறுகோடு போடுவார்கள்: பூக்கு-பூக்கு, புத்தகங்கள். சாதாரணப் பிள்ளை முதல் 'பூக்கு'வைக் கூட்டிப் படித்தாலும் இரண்டாவதைப் பார்த்தவுடன் சொல்லிவிடும். என் பிள்ளைகளில் சிலர் இரண்டாவதையும் முதல் தடவை பார்ப்பதுபோல எழுத்து எழுத்தாகக் கூட்டுவார்கள். ஒரு நொடிக்கு முன் படித்த அதே சொல். இதைப் பார்த்தால் எனக்கு வேறு பரிசோதனை எதுவும் வேண்டாம், அந்தப் பிள்ளையைத் தனியே உட்காரவைத்துப் பார்க்கத் தொடங்கிவிடுவேன்.

15 மே

பிழையே வராது என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வரும், அதற்கு ஒரு வாடிக்கை உண்டு.

அசை இடம் மாறும். கெலாப்பா (தேங்காய்) என்று எழுதியிருப்பதை கெப்பாலா (தலை) என்று படிப்பார்கள். இது அடிக்கடி வரும். 'தலையைத் துருவிப் பால் எடுத்தார்' என்று ஒரு பெண்பிள்ளை படித்துவிட்டு அவளே முதலில் சிரித்தாள், அப்புறம் வகுப்பே சிரித்தது. அவள் சிரித்தது எனக்கு நல்ல செய்தி, ஏனென்றால் பொருள் இடிக்கிறது என்பது அவளுக்கே தெரிந்திருக்கிறது.

மெம்பெலி (வாங்கு), மெம்பெரி (கொடு) இரண்டும் ஓரெழுத்து வித்தியாசம். கதையில் யார் வாங்கினார், யார் கொடுத்தார் என்பதே தலைகீழாகிவிடும்.

அப்புறம் எல்லோரும் சொல்கிற கண்ணாடிப் பிழை. ஆங்கிலத்தில் பி, டி என்று சொல்லும் சின்ன எழுத்துகள் இரண்டுக்கும் ஒரு கோடு, ஒரு வட்டம்; வட்டம் எந்தப் பக்கம் என்பதுதான் வேறுபாடு. பாடாக் (காண்டாமிருகம்) என்ற சொல்லில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வரும். ஆறு, ஏழு வயதில் எந்தப் பிள்ளைக்கும் இது குழம்பும், அதை வைத்து முடிவு கட்டக் கூடாது. மூன்றாம் ஆண்டிலும் தொடர்ந்தால், மற்ற அடையாளங்களும் சேர்ந்தால், பார்க்க வேண்டும். டிஸ்லெக்சியா என்றாலே எழுத்துகள் திரும்பித் தெரியும் என்று சினிமா பார்த்து நம்புகிறவர்கள் நிறைய. என் வகுப்பில் எழுத்தைத் திருப்பவே திருப்பாத பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

16 மே

நீளமான சொற்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலாயில் உண்மையான மலை அங்கேதான் இருக்கிறது.

மலாய் வேர்ச்சொற்கள் பெரும்பாலும் ஈரசை. பாச்சா, தூலிஸ், சாப்பு, பூக்கா. முதலாம் ஆண்டுப் புத்தகம் முழுக்க இப்படிப்பட்ட சொற்கள். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகூட இவற்றை முட்டிமோதிப் பழகிவிடுவான், பலவற்றை முகம் பார்த்து அடையாளம் கண்டுகொள்வதுபோல மொத்தமாக மனப்பாடம் செய்துவிடுவான். அம்மா அப்பாவும் நிம்மதியாகிவிடுவார்கள். மூன்றாம் ஆண்டில் ஒட்டுகள் வந்து சேரும். முன்னால் மெ, பெர், தெர், பெ, டி, கெ. பின்னால் கான், ஆன், இ. 'ஸெலாமாத்' தெரிந்த பிள்ளைக்கு முன்னால் 'கெஸெலாமாத்தான்' (பாதுகாப்பு) நிற்கும். 'ஜவாப்' தெரிந்தவனுக்கு 'பெர்த்தாங்கோங்ஜவாப்' (பொறுப்புள்ள) வரும். அவன் இடமிருந்து வலமாக அசை அசையாகக் கூட்டுகிறவன், வேர் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்கத் தெரியாதவன். பாதி வழியில் மூச்சு முட்டி, முதல் மூன்று எழுத்தை வைத்து ஏதோ ஒரு சொல்லை ஊகித்துச் சொல்லிவிடுவான்.

இதைவிட மோசம், 'மெ' சேரும்போது வேரின் முதல் எழுத்தே மாயமாகிவிடுவது. தூலிஸ் (எழுது) மெனூலிஸ் ஆகிறது, சாப்பு (பெருக்கு) மெஞாப்பு ஆகிறது, பூக்குல் (அடி) மெமூக்குல் ஆகிறது. பேச்சில் பிள்ளைகள் இதை யாரும் சொல்லித்தராமலே சரியாகச் செய்கிறார்கள். தாளில் பார்க்கும்போது 'மெஞாப்பு'வுக்குள் தனக்குத் தெரிந்த 'சாப்பு' இருப்பதாக அவர்கள் கண்ணுக்குப் படுவதில்லை, ஏனென்றால் அந்தச் 'சா' அங்கே இல்லவே இல்லை.

2010-இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 9,592 மலாய்ச் சொற்களுக்கு ஒரு தரவுத்தொகுப்பு வெளியிட்டார்கள். அதிலிருந்து எடுத்த சொற்களைப் பெரியவர்கள் எவ்வளவு வேகமாகப் படிக்கிறார்கள் என்று அளந்தபோது, சொல் எவ்வளவு பழக்கமானது என்பதைவிட எவ்வளவு நீளமானது என்பதே பெரிதாக இருந்தது. நன்றாகப் படிக்கத் தெரிந்த பெரியவர்களுக்கே அப்படி. எட்டு வயதுப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள்.

17 மே

'எழுதியபடியே படிக்கலாம்' என்பதை மூன்று பேர் மறுபடியும் எழுதியிருக்கிறீர்கள். ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் சரி. பிள்ளையின் வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டால் அவ்வளவு சரியில்லை.

கோலாலம்பூரிலும் ஜொகூரிலும் சொல்லின் கடைசியில் வருகிற 'ஆ' எழுத்தை 'எ' போல மழுங்கலாகச் சொல்வார்கள். ஆப்பா (என்ன) 'ஆப்பெ' ஆகும், ஆடா (இருக்கிறது) 'ஆடெ' ஆகும். பிள்ளை காதில் கேட்டதை எழுதினால் பிழை. கெடாவில் அந்த 'ஆ' தெளிவாக வரும், ஆனால் இங்கே வேறு சிக்கல்: பந்தால் (தலையணை) 'பந்தாய்' ஆகிவிடும், ஹாபிஸ் (முடிந்தது) 'ஹாபிஹ்' ஆகிவிடும், ஆயேர் (தண்ணீர்) தொண்டைக்குள் போய் 'ஆயாக்' மாதிரிக் கேட்கும். கிளந்தானில் மாக்கான் (சாப்பிடு) என்பதன் கடைசி மெய் மறைந்து மூக்கொலி மட்டும் மிஞ்சும். எல்லா இடத்திலும் டூடோக் (உட்கார்), காக்காக் (அக்கா) இவற்றின் கடைசி 'க்' வாய்க்குள்ளேயே நின்றுவிடும், வெளியே வராது. என் பிள்ளைகள் 'காக்கா' என்று எழுதுவது கவனக்குறைவால் இல்லை, காதில் விழாத எழுத்தை அவர்கள் எங்கிருந்து எழுதுவார்கள்?

இன்னொன்று, ஆங்கிலத்தில் ஈ என்று சொல்லும் எழுத்து. மலாயில் இந்த ஓர் எழுத்துக்கு இரண்டு ஒலி. பெராங் என்றால் போர், பேராங் என்றால் பழுப்பு நிறம், எழுதுவது ஒரே மாதிரி. செமாக் புதர், சேமாக் சரிபார்ப்பது, அதுவும் ஒரே எழுத்து. வாக்கியத்தின் பொருளைப் பிடித்துத்தான் எந்த ஒலி என்று தெரிந்துகொள்ள வேண்டும், ஆனால் பொருளைப் பிடிக்கிற வேகம்தான் இந்தப் பிள்ளையிடம் இல்லை.

17 மே, பிற்சேர்க்கை

வரலாறு கேட்டவருக்குச் சுருக்கமாக: இப்போதைய எழுத்துக்கூட்டல் 16 ஆகஸ்ட் 1972-இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் ஒன்றாக அறிவித்தது. அதற்குமுன் 'கம்போங்' (கிராமம்) என்று பேசுகிறபடி எழுதியது 'கம்புங்' ஆனது அப்போதுதான். சிங்கப்பூரில் கம்போங் கிளாம் என்ற இடப்பெயர் இன்னும் பழைய எழுத்தோடு நிற்கிறது. 1988-இல் மலேசியப் பள்ளிகளில் எழுத்தை அப்படியே உச்சரிக்கிற 'செபுத்தான் பாக்கு' முறை கொண்டுவந்து 2000-இல் விட்டுவிட்டார்கள். ஏன் விட்டார்கள் என்பது தனி விவாதம், இங்கே வேண்டாம். ஆனால் டிஸ்லெக்சியா பிள்ளைக்கு எழுத்துக்கூட்டல் சொல்லித்தரும்போது நான் அந்த உச்சரிப்பைத்தான் பயன்படுத்துகிறேன். 'காக்காக்' என்று கடைசி எழுத்தை அழுத்திச் சொல்லிக் காட்டுவேன், பிள்ளைகள் சிரித்துக்கொண்டே திருப்பிச் சொல்வார்கள், எழுதும்போது 'க்' வந்துவிடும்.

19 மே

"லினுஸ் திட்டம் இருந்ததே, அதில் பிடிபட்டிருக்க வேண்டுமே" என்று கேட்டவருக்கு.

லினுஸ் 2010-இல் வந்தது. மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் எல்லாப் பிள்ளைகளும் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் பெற வேண்டும் என்பது இலக்கு. எழுத்தறிவுக்கு 12 படிகள் வைத்திருந்தார்கள். எழுத்து, திறந்த அசை (உயிரொலியில் முடிவது), மூடிய அசை (மெய்யில் முடிவது), 'ங்' ஒலி உள்ள சொற்கள், இரட்டை உயிர், கூட்டு மெய், ஒட்டுள்ள சொற்கள், பிறகு வாக்கியம், பத்தி என்று போகும். படிவரிசை எனக்குப் பிடிக்கும், இன்றைக்கும் என் மேசையில் அதை வைத்திருக்கிறேன். பிள்ளை எங்கே நிற்கிறான் என்று அது தெளிவாகக் காட்டும்.

குறை எங்கே என்றால், அங்கே கேள்வி 'படித்தானா?' என்பதுதான். எவ்வளவு நேரத்தில், எத்தனை தடவை திரும்பி வந்து, படித்தபின் என்ன மிஞ்சியது என்பது கணக்கில் இல்லை. வியர்த்து விறுவிறுத்து ஒரு சொல்லைச் சரியாகச் சொன்ன பிள்ளைக்கும் பார்த்தவுடன் சொன்ன பிள்ளைக்கும் ஒரே டிக். இப்படித் தேறிவிட்ட பிள்ளைகள் நான்காம் ஆண்டில் அறிவியல் புத்தகத்தைத் திறந்ததும் அப்படியே உட்கார்ந்துவிடுகிறார்கள். தொடக்கநிலை இறுதியில் நடந்த யுபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. நல்லதுதான் என்று நினைக்கிறேன், ஆனால் அந்தத் தேர்வாவது சிலரைக் காட்டிக்கொடுத்தது. இப்போது வகுப்பாசிரியரின் கண்ணை மட்டுமே நம்பியிருக்கிறோம்.

மலாய் மொழிக்கென்றே டிஸ்லெக்சியா மதிப்பீட்டுச் சோதனைகளை பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லீ லே வா உருவாக்கி 2008-இல் ஆய்விதழில் வெளியிட்டார். அதைச் சொல்வதற்குக் காரணம், ஆங்கிலச் சோதனையை மொழிபெயர்த்து மலாய்ப் பிள்ளைக்கு வைத்தால் தப்பான விடைதான் வரும். ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டல் ஒழுங்கில்லாத சொற்களைக் கொடுத்துப் பார்ப்பார்கள். மலாயில் அப்படிப்பட்ட சொல்லை எங்கே தேடுவது? இங்கே அசையையும் வேகத்தையும்தான் பார்க்க வேண்டும்.

21 மே

ஜாவியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் அதை விட்டுவிட்டு மலாய்ப் பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பேச முடியாது.

முஸ்லிம் மலாய்ப் பிள்ளை ரோமன் எழுத்தோடு அரபு எழுத்தையும் கற்கிறது. நான்கைந்து வயதில் குர்ஆன் ஓதப் பழக்குகிற இக்ரா, ஆறு புத்தகங்கள். பள்ளியில் சமயப் பாடத்தில் ஜாவி, அதாவது அரபு எழுத்தில் எழுதிய மலாய். ரோமன் இடமிருந்து வலம், இது வலமிருந்து இடம். அரபு எழுத்துகளில் 'பா', 'தா', 'ஸா' மூன்றுக்கும் உடம்பு ஒன்றுதான்; கீழே ஒரு புள்ளி, மேலே இரண்டு, மேலே மூன்று. ரோமன் எழுத்தில் வட்டம் எந்தப் பக்கம் என்று தடுமாறுகிற கண் இங்கே புள்ளியை எண்ணித் தடுமாறும். அதோடு ஜாவியில் பல இடங்களில் உயிரொலி எழுதப்படாது, தெரிந்த சொல்லாக இருந்தால்தான் படிக்க முடியும்.

ஆனால் நான் கவனித்த ஒரு விஷயம் இருக்கிறது, இதைப் பற்றி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ரோமன் எழுத்தில் 'ங்' ஒலிக்கு இரண்டு எழுத்து, 'ஞ்' ஒலிக்கும் இரண்டு எழுத்து. பூங்ஙா (பூ) என்று படிக்கிற இடத்தில் என் பிள்ளைகள் 'பூன்-கா' என்று உடைப்பார்கள். ஜாவியில் இந்த இரண்டு ஒலிக்கும் தனித்தனி ஓரெழுத்து, மலாய்க்காரர்களே அரபு எழுத்தில் புள்ளி கூட்டி உண்டாக்கியது. தமிழில் ங, ஞ இருப்பதுபோலத்தான். ரோமனில் 'ங்' வராத ஒரு பையன் ஜாவியில் அதைத் தயங்காமல் படித்தான். அதற்குப் பிறகு ரோமன் சொல்லில் அந்த இரண்டு எழுத்துக்கும் அடியில் ஒரே கோடு போட்டு, இது ஓர் ஆள் என்று சொல்லித்தருகிறேன். பலிக்கிறது.

21 மே, தொடர்ச்சி

உஸ்தாஸ் (சமய ஆசிரியர்) ஒருவரிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது: குர்ஆன் வகுப்பில் இந்தப் பிள்ளைகள் நன்றாக ஓதுகிறார்கள், குறையே தெரிவதில்லை. பக்கத்தைத் திருப்பி நடுவில் ஒரு வரியைக் காட்டி ஓதச் சொல்லிப் பாருங்கள் என்றேன். பார்த்துவிட்டு வந்தார். நடுவில் காட்டிய வரியைப் பையனால் ஓத முடியவில்லை; காதால் கேட்டு அத்தனையும் மனத்தில் ஏற்றியிருக்கிறான். அந்த நினைவாற்றலை நினைத்தால் எனக்கு இப்போதும் பிரமிப்பாக இருக்கிறது.

24 மே

ஆங்கிலம் வந்து சேரும்போது நடப்பது. ஒரே பையிலிருந்து எடுத்த எழுத்துகளுக்கு இரண்டு மொழியில் இரண்டு ஒலி. மலாயில் 'மாயின்' (விளையாடு) என்று படிக்கிற நான்கு எழுத்தை அடுத்த பாடவேளையில் ஆங்கில ஆசிரியை 'மெயின்' என்கிறார். 'ஆயேர்' என்று படித்த தண்ணீர், அங்கே 'ஏர்', காற்று. 'ஜாம்' மலாயில் கடிகாரம், ஆங்கிலத்தில் ரொட்டியில் தடவுவது. கோப்புக்கு மலாயில் எழுதுகிற அதே நான்கு எழுத்து ஆங்கிலத்தில் 'தேறவில்லை' என்று பொருள் தரும். மற்றப் பிள்ளைகள் கொஞ்ச நாளில் இரண்டு பெட்டி வைத்துக்கொள்வார்கள். டிஸ்லெக்சியா பிள்ளை அரும்பாடுபட்டுக் கற்ற ஒரே விதியையும் ஆங்கிலம் பிடுங்கிவிடுகிறது. அதனால் மலாயில் அசை கெட்டிப்படும்வரை ஆங்கில எழுத்துக்கூட்டலில் அவனை நெருக்க வேண்டாம், வாய்மொழியாகச் சொல்லிக்கொடுங்கள் என்று ஆங்கில ஆசிரியையிடம் கேட்டுக்கொள்கிறேன். எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை.

27 மே

"சரி, என்னதான் செய்கிறீர்கள்" என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். நான் செய்வதை எழுதுகிறேன்.

பழைய முறையில் எழுத்தின் பெயரைச் சொல்லிக் கூட்டுவார்கள்: பி-ஏ பா, டி-யூ தூ, பாத்து (கல்). நம் வீடுகளிலும் மலாய் இப்படித்தான் சொல்லித்தருகிறோம். எழுத்தின் பெயர் வேறு, அதன் ஒலி வேறு, இரண்டையும் தலையில் வைத்துக்கொண்டு சேர்ப்பது இந்தப் பிள்ளைக்குக் கூடுதல் சுமை. நான் பெயரை விட்டுவிட்டு அசையிலிருந்தே தொடங்குகிறேன். மலாய்க்கு அசை இயல்பாகப் பொருந்தும், பிள்ளைகள் கைதட்டிப் பிரித்துவிடுவார்கள். ஆனால் அசையோடு நின்றுவிடக் கூடாது, இதை அழுத்திச் சொல்கிறேன். பா, பி, பு மூன்றிலும் முதலில் வருவது ஒரே ஒலி என்று அவன் காது பிரித்தறியாவிட்டால், 'பந்தால்' போன்ற மூடிய அசையில் மாட்டிக்கொள்வான். அதனால் அசைக்குள் இறங்கி ஒவ்வோர் ஒலியாகப் பிரிக்கிற விளையாட்டும் உண்டு.

மணலில் எழுதுவது, உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவிக்கொண்டே ஒலியை உரக்கச் சொல்வது, இதெல்லாம் 1930-களில் ஆர்ட்டனும் கில்லிங்ஹமும் அமெரிக்காவில் தொடங்கிய வழி. கண், காது, கை மூன்றும் ஒரே நேரத்தில். மலாய்க்கும் அப்படியே பொருந்துகிறது.

ஒட்டுகளுக்கு நிற அட்டை. முன்னொட்டு ஒரு நிறம், வேர் ஒரு நிறம், பின்னொட்டு ஒரு நிறம். 'கெ', 'ஸெலாமாத்', 'ஆன்' மூன்று அட்டையையும் தள்ளிவைத்து, முதலில் நடு அட்டையைப் படி என்பேன். பிறகு இரண்டு பக்கமும் ஒட்டுவோம். புத்தகத்தில் படிக்கும்போது இரண்டு விரலால் ஓரங்களை மறைக்கச் சொல்வேன். ஒருநாள் பள்ளிக்கு எதிரே கட்டுமானப் பலகையில் 'உத்தாமாக்கான் கெஸெலாமாத்தான்' (பாதுகாப்புக்கு முதலிடம்) என்று இருந்ததை ஒரு பையன் சாலை ஓரத்தில் நின்று, காற்றில் விரலை நீட்டி ஓரங்களை மறைத்துப் படித்தான். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள், அவன் படித்து முடித்த பிறகுதான் நகர்ந்தோம்.

'மெஞாப்பு' வகைச் சொற்களுக்கு இப்படி வெட்ட முடியாது. அவற்றை 'சாப்பு, மெஞாப்பு', 'தூலிஸ், மெனூலிஸ்' என்று ஜோடி ஜோடியாகப் பாட்டுபோலச் சொல்லி, பிறகு எழுத்தில் காட்டுகிறேன். காது முதலில், கண் பிறகு.

ஒரே பத்தியை நான்கைந்து நாள் திரும்பத் திரும்பப் படிப்பது கடைசி. பிள்ளைகளுக்குச் சலிக்கும் என்பார்கள். முதல் நாளைவிட இன்று வேகமாக வந்தது என்று அவனுக்கே தெரியும்போது சலிப்பு வராது, இன்னொரு தடவை என்று கேட்பான்.

28 மே

நேற்று எழுதியதில் ஒரு எச்சரிக்கை சேர்க்கிறேன். கடிகாரத்தைப் பிள்ளை கண்ணில் படும்படி வைக்காதீர்கள். வேகம் நமக்குத் தெரிந்தால் போதும். மற்றப் பிள்ளைகள் முன்னால் உரக்கப் படிக்கச் சொல்லாதீர்கள். ஓர் ஆசிரியர் அப்படி நிற்கவைத்துப் படிக்கச் சொன்னபின் ஒரு பெண்பிள்ளை என் வகுப்பில்கூடப் பல வாரம் வாய் திறக்கவில்லை. கண்ணாடி போட்டால் சரியாகிவிடும், மீன் எண்ணெய் கொடுத்தால் சரியாகிவிடும் என்று விற்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். கண் பரிசோதனையும் காது பரிசோதனையும் அவசியம் செய்ய வேண்டும், அது வேறு காரணத்துக்காக: பார்வையிலோ கேட்பதிலோ குறை இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ள.

30 மே

அட்டையைப் பற்றி. ஓ.கே.யு. அட்டை என்பது மாற்றுத்திறனாளர் அட்டை, சமூகநல இலாகா கொடுப்பது, மருத்துவர் உறுதிப்படுத்த வேண்டும். டிஸ்லெக்சியா 'கற்றல் பிரச்சினை' என்ற பிரிவில் வரும். 2008-இல் வந்த மாற்றுத்திறனாளர் சட்டத்தின் கீழ் பதிவு விருப்பத்தின்பேரில்தான், யாரும் கட்டாயப்படுத்த முடியாது. பெற்றோர்களுக்குப் பயம், பிள்ளை நெற்றியில் முத்திரை விழுந்துவிடும், நாளைக்கு வேலை கிடைக்காது, கல்யாணம் ஆகாது என்று. மலாய்த் தாய்மார்களும் சரி, நம் தாய்மார்களும் சரி, என்னிடம் பேசும்போது ஒரே மாதிரிக் குரலைத் தாழ்த்துகிறார்கள். இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் இடைநிலைப் பள்ளி இறுதியில் எழுதுகிற எஸ்பிஎம் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கு விண்ணப்பிக்கக் கையில் ஆவணம் வேண்டும். மெதுவாக ஆனால் சரியாகப் படிக்கிற பிள்ளைக்கு அந்தக் கூடுதல் நேரம்தான் தேறுவதற்கும் தவறுவதற்கும் இடையில் இருப்பது.

அட்டை எடுத்தால் சிறப்புக் கல்வி வகுப்புக்கு மாற்றிவிடுவார்களோ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கட்டாயம் கிடையாது. வழக்கமான வகுப்பிலேயே வைத்துக்கொண்டு உதவி கொடுக்கிற ஒருங்கிணைந்த முறையும் இருக்கிறது. எது நல்லது என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். லேசான தடை உள்ளவனை எல்லா வகைக் குறைபாடும் கலந்த வகுப்பில் போட்டு, அவன் அங்கே சின்னப் பிள்ளைகளுக்கு உதவிக்கொண்டு ஓராண்டை வீணாக்கியதைப் பார்த்திருக்கிறேன். அதனால் கேள்வி கேட்டு, வகுப்பை நேரில் பார்த்து, பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

2 ஜூன்

கேள்வியைத் தொடங்கியவர் திரும்பி வந்து, பக்கத்து வீட்டு அம்மா இதையெல்லாம் கேட்டுவிட்டு முதலில் என்ன செய்வது என்று கேட்கிறார் என்று எழுதியிருக்கிறார். மகிழ்ச்சி.

பள்ளியில் யார் சொன்னார்களோ அவரிடமே போய், எதைப் பார்த்துச் சொன்னீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். அமைச்சு ஆசிரியர்களுக்குக் கொடுத்திருக்கிற டிஸ்லெக்சியா சரிபார்ப்புப் பட்டியல் ஒன்று உண்டு, அதை நிரப்பினார்களா என்று கேட்கலாம். அது முடிவு சொல்வதில்லை, மேற்கொண்டு பார்க்க வேண்டுமா என்று மட்டும் காட்டும். பிறகு அரசாங்க சுகாதார கிளினிக்கில் காட்டி மருத்துவமனைக்குக் கடிதம் வாங்க வேண்டும். வரிசை நீளம், மாதக்கணக்கில் ஆகலாம், ஆகவே இப்போதே பெயர் கொடுத்துவிடட்டும். 2003-இல் தொடங்கிய மலேசிய டிஸ்லெக்சியா சங்கமும் இருக்கிறது, அவர்களிடமும் கேட்கலாம். அப்பா, சித்தப்பா, மாமா யாராவது சின்ன வயதில் படிக்கச் சிரமப்பட்டார்களா என்று வீட்டில் விசாரித்து வைத்துக்கொள்ளட்டும், மருத்துவர் கேட்பார்.

காத்திருக்கிற மாதங்களில் இரவு அம்மா அவனுக்குப் படித்துக்காட்டட்டும். அவன் படிக்க வேண்டாம், கேட்டால் போதும். அவன் வயதுக்கேற்ற கதை, அதற்குச் சற்று மேற்பட்ட கதை, டைனோசர், விண்வெளி, எது பிடிக்குமோ அது. படிக்கத் தடுமாறுகிறான் என்று ஐந்து வயதுப் புத்தகத்தை எட்டு வயதுப் பையனிடம் நீட்டினால் அவனுடைய சொல்வளமும் நின்றுபோகும். பகலில் பதினைந்து நிமிடம் அசை, ஒட்டு அட்டை. அதற்கு மேல் வேண்டாம்.

அட்டைகளுக்கான சொற்பட்டியலை மலாயில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன், முதலில் ஈரசை, பிறகு மூடிய அசை, பிறகு 'ங்', கடைசியில் ஒட்டு. நாளை இரவு இங்கேயே போடுகிறேன், அவருக்கு அச்செடுத்துக் கொடுங்கள்.